40 ஆயிரத்துக்குள் ஒரு டெலி லென்ஸ்: வேடந்தாங்கலுக்கும் வேண்டும், வாலிபால் மேட்சுக்கும் வேண்டும்

மதுராந்தகத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். கேனன் 200டி மார்க் 2 வைத்திருக்கிறேன். கூடவே வந்த 18-55 மி.மீ. தவிர வேறு லென்ஸ் கிடையாது (இந்த எண் பெரிதாக ஆக, தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும்). வீடு மதுராந்தகம் பக்கம் என்பதால் ஞாயிறு காலை வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் வேடந்தாங்கல். அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால் எங்கள் ஏரிக்கரையே இருக்கிறது, பறவைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 18-55-இல் எடுத்தால் மரம் அழகாக வருகிறது, மரத்தின் மேல் வெள்ளையாக ஏதோ புள்ளி வருகிறது, அது கூழைக்கடாவா கொக்கா என்று நான் பக்கத்தில் நின்று சொன்னால்தான் பார்ப்பவர்களுக்குத் தெரிகிறது.

இன்னொரு தேவையும் உண்டு. மகள் பள்ளி வாலிபால் டீமில் ஆடுகிறாள். பள்ளி மேட்சுகள் பகலில்தான், ஆனால் பொங்கல் சமயத்திலும் கோடை விடுமுறையிலும் ஊர் ஊருக்கு நடக்கிற டோர்னமென்ட் எல்லாம் விளக்கு போட்ட பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதையும் எடுக்க ஆசை.

பட்ஜெட் 40 ஆயிரம். ரொம்ப இழுத்தால் 45. கடையில் கேட்டால் 75-300 எடுங்க சார், விலை கம்மி, 300 வருது என்கிறார். ஆபீஸில் ஒருவர் 150-600 இல்லாமல் பறவைப் பக்கமே போகாதீர்கள், பணம் சேர்த்துப் பழையதாவது வாங்குங்கள் என்கிறார். யூடியூபில் பார்த்தால் எல்லாரும் 70-300 ஐஎஸ் 2 என்கிறார்கள். ட்ரைபாட் கிடையாது, தூக்கிக்கொண்டு அலையவும் விருப்பமில்லை. இரண்டு வேலைக்கும் ஒரே லென்ஸாக இருந்தால் நல்லது. எதை வாங்கலாம்?

பனங்காடை:

முதல் வேலையாக அந்த 75-300-ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐஎஸ் (கை ஆட்டத்தைச் சமாளிக்கிற வசதி) கிடையாது, ஃபோகஸ் மோட்டார் பழைய காலத்துச் சத்தமான மெதுவான மோட்டார், 300-இல் முழுத் திறப்பில் எடுத்தால் இறகு இறகாகத் தெரியாது. கடையில் தள்ளிவிடப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு, கேமராவோடு சேர்த்து விற்கிற கிட்டில் வந்து குவிந்து கிடக்கிற லென்ஸ் அது.

அப்புறம், மி.மீ. எண்ணைப் பார்த்து மயங்காமல் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பறவையின் நீளத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரில் பறவை எவ்வளவு பெரிதாக விழும் என்று வந்துவிடும். உங்கள் பாடியின், அதாவது கேமராவின், சென்சார் (படம் பதிகிற தகடு) அகலம் 22.3 மி.மீ., அதில் 6000 பிக்சல், அதாவது ஒரு மி.மீ.க்குச் சுமார் 270 பிக்சல். சிறிய நீல மீன்கொத்தி ஏறக்குறைய 17 செ.மீ. அது 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 மி.மீ. லென்ஸில் அது 570 பிக்சல் நீளம் வரும். 300-இல் 685. 600-இல் 1370. ஆக 250-க்கும் 300-க்கும் நடுவில் நீங்கள் கொடுக்கிற கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது நூற்றுச் சொச்சம் பிக்சல். அதே 250-ஐ வைத்துக்கொண்டு ஐந்து மீட்டர் முன்னால் போய் 15 மீட்டரில் நின்றால் 760 பிக்சல். 300-ஐயே தாண்டிவிட்டது.

கூழைக்கடா விஷயத்தில் இந்தக் கவலையே வேண்டாம். ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உடம்பு, 40 மீட்டரில் இருந்தாலும் 250-இல் 2300 பிக்சலுக்கு மேல் வரும், ஏ4 தாளில் பிரின்ட் போடலாம்.

அதனால் என் ஓட்டு கேனன் இஎஃப்-எஸ் 55-250 எஸ்டிஎம் (எஸ்டிஎம் என்பது புது வகை ஃபோகஸ் மோட்டாரின் பெயர்). 375 கிராம்தான், கழுத்தில் மாட்டியதே தெரியாது. ஐஎஸ் உண்டு. 85 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்யும், பறவை வராத நாளில் தட்டானும் பட்டாம்பூச்சியும் எடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: இதே 55-250 பெயரில் எஸ்டிஎம் வருவதற்கு முன்னால் ஐஎஸ், ஐஎஸ் 2 என்று இரண்டு வந்திருக்கின்றன. பழைய மோட்டார், ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கம் சுற்றும். லென்ஸ் மேலேயே எஸ்டிஎம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கூழைக்கடா 72:

பனங்காடை போட்ட கணக்கு சரி. ஆனால் அந்த ஐந்து மீட்டரை எங்கே நடப்பது? வேடந்தாங்கலில் மரமெல்லாம் தண்ணீருக்குள் நிற்கிறது, நாம் கரை மேல் நிற்கிறோம். வேண்டுமானால் நீந்தலாம். வனத்துறைக்காரர் விசில் அடிப்பார்.

நான் உங்கள் ஆபீஸ் நண்பர் கட்சி. பறவை என்று இறங்கிவிட்டால் 250-இல் மனசு நிற்காது, ஒரு வருஷத்தில் அதை விற்றுவிட்டுப் பெரியதைத்தான் தேடுவீர்கள். பழைய மார்க்கெட்டில் டாம்ரான் 150-600 முதல் தலைமுறை, சிக்மா 150-600 கன்டெம்பரரி இரண்டும் வந்துகொண்டே இருக்கின்றன. நிறையப் பேர் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) பக்கம் போவதால், உங்களுடையது போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் லென்ஸ்களை இறக்கிவிடுகிறார்கள். சிக்மா உங்கள் பட்ஜெட்டைத் தாண்டலாம், டாம்ரான் முதல் தலைமுறை பேசினால் பக்கத்தில் வரும். 600-இல் திறப்பை எஃப்/8-க்குக் கொஞ்சம் மூடினால் நன்றாகவே ஷார்ப் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்).

குறையையும் சொல்லிவிடுகிறேன். எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. கையில் பிடித்து எடுக்கலாம், ஆனால் பறவை வரும் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ட்ரைபாட் வேண்டாம் என்றால் ஒரு மோனோபாடாவது வாங்குங்கள். 600-இல் திறப்பு எஃப்/6.3 தான், மேகம் போட்ட காலையில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) மடமடவென்று ஏறும். டாம்ரான் முதல் தலைமுறையை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் மாட்டி ஃபெர்ம்வேர் (லென்ஸுக்குள் இருக்கிற மென்பொருள்) மாற்ற வழி இல்லை, பின்னாளில் புது பாடி வாங்கி ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். சிக்மாவுக்கு யுஎஸ்பி டாக் இருக்கிறது, நாமே செய்துகொள்ளலாம். டாம்ரான் இரண்டாம் தலைமுறையான ஜி2-வுக்கும் அப்படி ஒன்று உண்டு.

உங்கள் பாடியில் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் மொத்தம் 9 ஃபோகஸ் பாயின்ட். அதில் நடுப் பாயின்ட்தான் நம்பகமானது. பறக்கிற பறவைக்கு அதை மட்டும் வைத்துக்கொண்டு ஏஐ செர்வோவில் (நகர்கிறதை விடாமல் ஃபோகஸ் செய்கிற முறை) பின்தொடருங்கள். எந்த லென்ஸ் வாங்கினாலும் இதுதான் கதி.

விசில்:

இரண்டு பேரும் பறவையைப் பற்றியே பேசிவிட்டீர்கள், அந்தப் பெண்ணின் வாலிபாலை யாரும் கவனிக்கவில்லை. நான் உள்ளூர் டோர்னமென்ட் எடுக்கிறவன், கபடி, வாலிபால், இரவு மேட்ச்தான் பெரும்பாலும். அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பகல் மேட்ச் என்றால் 55-250-ஓ 70-300-ஓ எது வேண்டுமானாலும் ஓடும். வெயில் இருக்கிறது, ஷட்டரை 1/1000 விநாடி வைத்துத் தட்டிக்கொண்டே போகலாம். இரவு மேட்சுக்கு இங்கே பேசின எந்த ஜூமும் உதவாது. 150-600-உம் சேர்த்துத்தான். ஊர் மைதானத்தில் நாலு கம்பத்தில் எல்இடி கட்டி நடத்துகிற மேட்சில் நான் சாதாரணமாக வைக்கிற செட்டிங் எஃப்/2, 1/800, ஐஎஸ்ஓ 3200. அதே வெளிச்சத்தில் 250-இல் எஃப்/5.6 என்றால் மூன்று ஸ்டாப் குறைவு, எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். அதே ஷட்டர் வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 25600. உங்கள் கேமராவில் அதற்கு மேல் சாதாரண ஐஎஸ்ஓவே கிடையாது. முகம் முழுக்க மணல் தூவியது போல வரும்.

ஐஎஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஐஎஸ் உங்கள் கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும். ஸ்மாஷ் அடிக்கிற பெண்ணின் கையைப் பிடிக்காது. அதற்கு ஷட்டர் வேகம் மட்டும்தான். 1/500-க்குக் கீழே போனால் பந்து முட்டை வடிவத்தில் வரும், கை மணிக்கட்டோடு மறைந்துவிடும்.

இரவுக்கு இஎஃப் 85 எஃப்/1.8 யுஎஸ்எம் வாங்குங்கள். 1992-இல் வந்த லென்ஸ், இன்னும் ஃபோகஸ் வேகத்தில் குறை சொல்ல முடியாது. நிற்கிற இடமும் சொல்கிறேன்: கோர்ட்டின் பின்கோட்டுக்கு நாலு மீட்டர் பின்னால், எதிர் டீம் பக்கம். அங்கிருந்து நெட் 13 மீட்டர். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 85-இல் சுமார் 3.4 மீட்டர் உயரம் ஃபிரேமில் அடங்கும். பெண்கள் நெட் 2.24 மீட்டர், அதற்கு மேல் எழும்பின கை, அதற்கும் மேல் பந்து, எல்லாம் உள்ளே வந்துவிடும். எதிர்ப் பக்கம் நிற்பதால் உங்கள் மகள் நெட்டுக்கு மேல் எழும்பும்போது முகம் உங்களை நோக்கித்தான் இருக்கும். சொந்த டீம் பக்கம் நின்றால் முதுகும் ஜெர்ஸி நம்பரும்தான் கிடைக்கும், நிறையப் பெற்றோர் அங்கேதான் நிற்கிறார்கள். நடுவரிடமும் ஏற்பாட்டாளரிடமும் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சர்வீஸ் போடுகிற இடத்துக்குக் குறுக்கே நிற்காதீர்கள்.

இன்னொன்று, எல்இடி விளக்கின் துடிப்பு. நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/800-இல் தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு படம் சரியாக வரும், அடுத்தது மங்கலாக மஞ்சளடித்து வரும். கேமராவோ லென்ஸோ கெட்டுப்போய்விட்டது என்று பயப்படாதீர்கள். மெனுவில் ஃப்ளிக்கர் சமாளிக்கிற வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ரா-வில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுத்தால் பிறகு சரி செய்யவும் இடம் இருக்கும்.

பனங்காடை:

விசில் சொன்னது பொன்னான விஷயம். ஒரே லென்ஸ் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் மதுராந்தகத்தான். பழைய 55-250 எஸ்டிஎம், பழைய 85, இரண்டும் சேர்த்து 40-க்குள் அடங்க வாய்ப்பு இருக்கிறது, பேரம் உங்கள் சாமர்த்தியம்.

கூழைக்கடா 72-க்கு: யாரையும் தண்ணீருக்குள் இறங்கச் சொல்லவில்லை ஐயா. கூடு கட்டின மரத்தை நோக்கிப் போவது வேறு, அது தரையாக இருந்தாலும் போகக் கூடாது. நான் சொல்வது வயல் பக்கம், ஏரிக்கரை, கால்வாய் ஓரம். மீன்கொத்தி ஒரு கம்பத்தைப் பிடித்துவிட்டால் திரும்பத் திரும்ப அங்கேயேதான் வந்து உட்காரும். பச்சைப் பஞ்சுருட்டான் ஒரே கம்பியிலிருந்து பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும். அது பறந்து போயிருக்கிற நேரத்தில் நாலடி நகர்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள், திரும்பி வந்து உங்களைக் கண்டுகொள்ளாது. காருக்குள்ளிருந்து எடுத்தால் இன்னும் வசதி, இன்ஜினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி அதன் மேல் ஒரு மடித்த துண்டைப் போட்டு லென்ஸை வையுங்கள். கதவைத் திறந்து இறங்கினீர்களோ, போச்சு.

வேடந்தாங்கலில் தூரம் தூரம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே 600 வைத்திருப்பவர்களும் பதினோரு மணிக்குப் புலம்புகிறார்கள். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் காற்று அலையடிக்கும், தூரத்து நாரை கானலில் நெளிகிற மாதிரி வரும், அதை எந்த லென்ஸும் சரி செய்யாது. லென்ஸ் நீளமாக ஆக அது இன்னும் பெரிதாகத் தெரியும். காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

நிக்கான் நெல்லை:

கேனன் திரி என்று தெரியும், ஆனால் இதைப் படிக்கிற நிக்கான்காரர்களுக்காக. விலை குறைந்த ஏஎஃப்-பி 70-300 நல்ல லென்ஸ்தான், டி5600, டி7500 போன்ற பாடிகளில் அருமையாக ஓடும். ஆனால் பழைய டி90, டி5100, டி7000 வைத்திருப்பவர்கள் வாங்காதீர்கள், ஃபோகஸே ஆகாது. ஏஎஃப்-பி-யில் விஆர் (நிக்கானில் ஐஎஸ்ஸுக்குப் பெயர்) இருப்பது, இல்லாதது என்று இரண்டு வகை, பெட்டியைப் பார்க்கவும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் என் கையில் 200-500 எஃப்/5.6. முழு நீளத்திலும் 5.6 நிற்பதுதான் அதன் பெருமை, 2.3 கிலோ தூக்குவதுதான் அதன் தண்டனை.

மதுராந்தகத்தான்:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. விசில் அண்ணா, நீங்கள் சொன்ன அந்தச் சொந்த டீம் பக்கம் நிற்கிற பெற்றோரில் நானும் ஒருவன்.

இன்னும் மூன்று சந்தேகம். 70-300 ஐஎஸ் 2 பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அது அவ்வளவு மோசமா? பழைய லென்ஸ் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும், நம் பக்கம் ஃபங்கஸ் (லென்ஸுக்குள் வளர்கிற பூஞ்சை) பயம் வேறு இருக்கிறது. மூன்றாவது, நாளைக்கு மிரர்லெஸ் வாங்கினால் இந்த லென்ஸ்கள் எல்லாம் வீணா? தம்பி ஒருவன் ஆர்10 வாங்கு, ஆர்எஃப் 100-400 வாங்கு என்று நச்சரிக்கிறான்.

வெயிலோன்:

மூன்றுக்கும் நானே சொல்கிறேன், பழைய லென்ஸ் வாங்கி விற்பது எனக்குப் பழகிப்போன பைத்தியம்.

70-300 ஐஎஸ் 2 மோசமே இல்லை, 55-250-ஐ விட ஃபோகஸ் வேகம் அதிகம், 2016-இல் வந்த நானோ யுஎஸ்எம் மோட்டார், ஓடுகிற ஆளைப் பின்தொடர்வதில் வித்தியாசம் தெரியும். பகல் நேர விளையாட்டு மட்டும் எடுப்பவர் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். 710 கிராம். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடிக்கும் போகும், 55-250 போகாது. உங்கள் விஷயத்தில் அது ஒன்றே பட்ஜெட்டை முழுங்கிவிடும், 85-க்கு இடமிருக்காது, அதுதான் சிக்கல். பழையதாகத் தேடினால் விற்கிறவர் வெறும் 70-300 ஐஎஸ் என்று போட்டிருப்பார். 2005-இல் வந்த முதல் மாடலும் அதே பெயர்தான். மேலே சின்னதாக ஒரு டிஸ்ப்ளே இருந்தால் அது இரண்டாவது மாடல், இல்லை என்றால் பழையது. சிக்மா, டாம்ரான் கம்பெனிகளின், கை ஆட்டத்தைச் சமாளிக்கிற வசதி இல்லாத 70-300 எல்லாம் ரொம்ப மலிவாக வரும், தொடாதீர்கள்.

பழையது வாங்கும்போது உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள், பகலில் போங்கள். விற்கிறவர் வீட்டு வாசலில் நின்று பார்ப்பதுதான் நல்லது, டீக்கடையில் அவசரமாக மாற்றிக்கொள்ளாதீர்கள். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஃபங்கஸ் பெரும்பாலும் கண்ணாடியின் ஓரத்திலிருந்து வெள்ளை நூலாகக் கிளை விட்டு நடுவை நோக்கி வரும். நாலைந்து தூசித் துகள் எல்லா ஜூமிலும் இருக்கும், அதற்காகப் பேரம் பேசலாம், வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. நூல் தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். சுத்தம் செய்தாலும் பூச்சு போயிருக்கும்.

அப்புறம் கேமராவில் மாட்டுங்கள். 55-250 எஸ்டிஎம்மில் ஃபோகஸ் வளையம் கேமரா ஆன் ஆகியிருந்தால்தான் வேலை செய்யும், சும்மா கையில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கெட்டுப்போச்சு என்று சொல்லாதீர்கள், மோட்டார் வழியாக ஓடுகிற வளையம் அது. ஷட்டரை அரை அழுத்தில் வைத்து வியூஃபைண்டரில் பாருங்கள், 250-இல் ஆடிக்கொண்டிருக்கிற காட்சி சட்டென்று நிலைக்க வேண்டும், அதுதான் ஐஎஸ். நிலைக்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனாலோ கடகடவென்று சத்தம் வந்தாலோ ஐஎஸ் யூனிட் போயிருக்கிறது. எதிர்ச் சுவரை நேராக நின்று எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஒரு மூலை மட்டும் தனியாக மங்கினால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. கடைசியாக ரோட்டில் வருகிற பைக்கை ஏஐ செர்வோவில் பிடித்துப் பத்துப் படம் எடுங்கள். 85-ஐ இதே மாதிரி எஃப்/1.8-இல் வைத்துப் பாருங்கள், ஃபோகஸ் முன்னே பின்னே விழுகிறதா என்று அதில்தான் தெரியும்.

பாதுகாப்புக்கு டிரை கேபினெட் எல்லாம் இப்போது வேண்டாம். சமையலறையில் இருக்கிற காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா பெரியதாக ஒன்று, உள்ளே நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல். நீலமாக இருந்தது வெளிர் சிவப்பானதும் எடுத்து வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடுங்கள், வறுக்கிற வாணலி சமையலுக்கு வேண்டாம். கேமரா பையிலேயே மாதக் கணக்கில் மூடி வைப்பதுதான் ஐப்பசி கார்த்திகையில் ஃபங்கஸுக்கு நாமே விருந்து வைப்பது. மழையில் நனைந்து வந்தால் பையைத் தனியாகக் காய வையுங்கள்.

மிரர்லெஸ் கேள்விக்கு: இஎஃப், இஎஃப்-எஸ் என்கிற இந்த டிஎஸ்எல்ஆர் லென்ஸ் எல்லாம் கேனன் அடாப்டர் போட்டால் ஆர்10-இல் நன்றாகவே ஓடும், வீணாகாது. திருப்பி, மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் லென்ஸை உங்கள் 200டி-யில் மாட்டவே முடியாது. தம்பி சொல்வதில் விஷயம் இல்லாமலில்லை. ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம், ஆர்10 பறவையைக் கண்டுபிடித்து அதுவாகவே பின்தொடரும், அந்த 9 பாயின்ட் தொல்லையே இருக்காது. ஆனால் 400-இல் எஃப்/8. பாடியும் லென்ஸும் சேர்த்தால் உங்கள் பட்ஜெட் எங்கேயோ போய்விடும், இரவு வாலிபால் அப்போதும் தீராது. இரண்டு வருஷம் கழித்து யோசிக்கிற விஷயம்.

கூழைக்கடா 72:

எல்லோரும் சேர்ந்து என்னைத் தனிமைப்படுத்திவிட்டீர்கள், சரி. ஆனாலும் ஒரு வழி சொல்கிறேன். சென்னையில் லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், 150-600 எப்போதும் இருக்கும். சனிக்கிழமை மாலை எடுத்து, ஞாயிறு வேடந்தாங்கலில் வைத்துப் பாருங்கள். அப்போது உங்கள் கையே சொல்லிவிடும், பிடிக்கிறதா இல்லையா என்று. இப்போதைக்கு 55-250 வாங்குவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை, எடை குறைந்த லென்ஸ் என்பதால்தான் தினமும் கூட வரும்.

விசில்:

வாடகை யோசனை நல்ல யோசனை. ஆதார் நகலும் முன்பணமும் கேட்பார்கள். எடுக்கும்போதே ஏற்கனவே இருக்கிற கீறலை எல்லாம் அவர்கள் எதிரிலேயே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் வராது.

மதுராந்தகத்தான்:

முடிவு செய்துவிட்டேன். பழைய 85 ஒன்று தாம்பரத்தில் ஒருவரிடம் இருக்கிறது, பேசியிருக்கிறேன், வெயிலோன் சொன்னபடி டார்ச்சோடு போகிறேன். 55-250 எஸ்டிஎம் பழையது நல்லதாகக் கிடைக்கும் வரை பொறுத்துப் பார்ப்பேன், கிடைக்காவிட்டால் புதியதே எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். மார்கழியில் நாரையெல்லாம் நிறைந்ததும் 150-600-ஐ வாடகைக்கு எடுத்து ஒரு நாள் கூழைக்கடா 72 அண்ணன் கட்சியில் சேர்ந்து பார்க்கிறேன்.

மகளிடம் எதிர் டீம் பக்கம் நின்று எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். அப்போ கை தட்டாதீங்கப்பா, அவங்க தப்பா நினைச்சுப்பாங்க என்கிறாள்.

விசில்:

கை தட்டினால் படம் ஆடிவிடும். அவள் சொல்வதைக் கேளுங்கள். அப்புறம் 85-ஐ எஃப்/1.8-இல் வைக்காமல் எஃப்/2-இலிருந்து ஆரம்பியுங்கள், நெட்டின் மேல் ஃபோகஸ் போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்டின் வெள்ளைப் பட்டைக்கு மேலே, எழும்பி வருகிற முகத்தின் மேல்தான் நடுப் பாயின்ட் இருக்க வேண்டும்.